மோட்டாரைத் திட்டக் கூடாது

பீரங்கியைத் தெரியாதவர்கள் அந்தக் கடைத்தெருவில் கிடையாது. வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடை ஒன்றின் இரண்டாவது மாடியில், வாஷிங் மெஷின்கள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் இடத்தில், இடதுபக்கச் சுவர் முழுக்க அவருடைய ராஜ்யம். நீலச் சட்டை, கழுத்தில் ஒரு அட்டை, அட்டையில் தலைமுடி நிறைய இருந்த காலத்துப் புகைப்படம். அவருக்குச் சம்பளம் கொடுப்பது கடை முதலாளி அல்ல, கம்பெனி. தன் மெஷினை விற்றுத் தருவதற்காக ஒவ்வொரு கம்பெனியும் கடைக்குள் ஒரு ஆளை நிறுத்திவைக்கும். நீலக் கம்பெனி நிறுத்திவைத்த ஆள் இவர். அந்தக் கம்பெனிக்கு நீளமாக ஏதோ ஒரு பெயர் உண்டு. வாங்க வருகிறவர்கள் யாரும் அதைச் சொல்லிக் கஷ்டப்படுவதில்லை. மெஷினின் நெற்றியில் நீலப் பட்டை இருந்தால் நீலக் கம்பெனி, சிவப்புப் பட்டை இருந்தால் சிவப்புக் கம்பெனி, அவ்வளவுதான்.

பீரங்கிக்குத் தன் மெஷினைப் புகழத் தெரியாது. புகழ ஆரம்பித்தால் அவருக்கே கொட்டாவி வந்துவிடும். ஆனால் எதிராளியின் மெஷினைத் திட்டச் சொல்லுங்கள், மனிதருக்கு உடம்பெல்லாம் வாயாகிவிடும்.

"ஏம்மா, அதையா பாக்கறீங்க? அதுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிட்டுப் போங்க. ரெண்டும் ஒரே மாதிரிதான் துவைக்கும். வாளின்னா கரன்ட் பில்லாவது மிச்சம்."

மேல்மாடியில் ஃபிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும் இது கேட்கும். அதனால்தான் பீரங்கி.

வலதுபக்கச் சுவர் சிவப்புக் கம்பெனியுடையது. அங்கே நின்றவனுக்குச் சொட்டை என்று பெயர் வைத்ததே பீரங்கிதான். தலையைப் பார்த்து வைத்த பெயர், அதில் ஆராய்ச்சிக்கு ஒன்றுமில்லை. சொட்டை கத்த மாட்டான். பீரங்கி முழங்கி முடிக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, வாங்க வந்த அம்மாள் பக்கம் லேசாகச் சாய்ந்து சொல்வான்.

"அண்ணன் தங்கமானவரும்மா. என்ன, அவர் கம்பெனி மெஷின் மாதிரியே கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி."

இந்த ஒரு வரியால் பீரங்கி கோட்டைவிட்ட விற்பனைகளுக்குக் கணக்கே இல்லை. லிஃப்டில் சொட்டை நின்றால் பீரங்கி படியேறிப் போவார். பீரங்கி குடிக்கிற கடையில் சொட்டை டீ குடிக்க மாட்டான். ஒருவர் லீவு போட்டால் மற்றவருக்கு அன்றைக்குப் பொழுதே போகாது என்பது வேறு விஷயம்.

இந்தச் சண்டையைக் கேவலம் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அதில் ஒரு நன்மை இருந்தது. சிவப்பு மெஷினின் டிரம் ஒரு காலத்தில் துருப்பிடிக்கும். பீரங்கி அப்படிப்பட்ட டிரம் ஒன்றை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து கவுன்டருக்கு அடியில் வைத்துக்கொண்டார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைகளைத் துவைக்கிற தாய்மார்களுக்கு இரண்டு தடவை காட்டினார். சிவப்புக் கம்பெனிக்காரர்கள் முதலில் கடை முதலாளியிடம் போய் அழுதார்கள். அழுகை எடுபடவில்லை என்றதும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினார்கள். நீல மெஷினிலும் ஒரு குறை உண்டு. ஒரு ஹேர்பின் பம்பில் மாட்டிக்கொண்டால் எடுப்பதற்கு மெஷினையே கவிழ்த்துப்போட வேண்டும். சொட்டை ஒரு ஹேர்பின்னைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான். அதைக் காட்டிக் காட்டியே நீலத்தின் மானத்தை வாங்கினான். அடுத்த மாடலில் நீலக் கம்பெனி பம்புக்கு முன்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வைத்தது. இந்த இரண்டு வாய்களுக்குப் பயந்துதான் இரண்டு தொழிற்சாலைகளும் ஒழுங்காக நடந்தன என்று சொன்னால் அது மிகைதான். ஆனால் பெரிய மிகை இல்லை.

பீரங்கிக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. சொந்தம் என்று இருந்தது ஒரு அக்கா. புருஷன் போன பிறகு அவள் அழகு நிலையங்களுக்குத் துண்டு துவைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். முடிச்சாயமும் எண்ணெயும் மெழுகும் ஏறிய துண்டுகள் மூட்டை மூட்டையாகக் காலையில் வரும்; மடிப்புக் கலையாமல் சாயங்காலம் திரும்பிப் போகும். வீட்டுக் குளியலறையில் நின்ற பழைய நீல மெஷின்தான் அவளுக்கு முதல், பட்டறை, கூலியாள் எல்லாமே. தம்பி சொல்லி வாங்கியது அது. மாடு மாதிரி உழைத்தது. டிரம்மைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் ஒருமுறை தேய்ந்துபோய் மெஷின் ரயில் மாதிரி இரைந்தது. மெக்கானிக் வந்தார், டிரம்முக்கு வெளியே தண்ணீர் நிற்கிற டப்பைச் சுற்றியிருந்த போல்ட்டுகளைக் கழற்றினார், பேரிங்கை மாற்றினார், மத்தியானத்துக்குள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மறுபடி அதே உழைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பிக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அக்கம்பக்கத்தில் யாராவது எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்டால், "என் தம்பியக் கேளுங்க. அவன் சொன்னா சொன்னதுதான்," என்பாள் அக்கா. பீரங்கி காதில் விழாத மாதிரி தட்டில் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். விழாமல் என்ன, நன்றாக விழும். வாரம் முழுக்க நின்று வீங்கிய காலுக்கு அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குத் தைலம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நீலக் கம்பெனியும் சிவப்புக் கம்பெனியும் ஒன்றாகிவிட்டன. யார் யாரை வாங்கினார்கள் என்பது கடைசிவரை யாருக்கும் விளங்கவில்லை. பேப்பரில் இரண்டு முதலாளிகள் கையைப் பிடித்துக்கொண்டு கடைவாய்ப்பல் தெரியச் சிரித்தார்கள். வாடிக்கையாளர்களுக்கு இனிமேல் பொற்காலம் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. வாடிக்கையாளர்கள் யாரும் படத்தில் இல்லை.

கடைகளில் நிற்கிற ஆட்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு ஓட்டலின் மாடியில் கூட்டம் போட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். பீரங்கியின் வயதில் பாதிகூட இருக்காது. வாழ்நாளில் ஒரு ஈரத் துணியைப் பிழிந்திருக்க மாட்டார் என்று அவருடைய விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. கையில் ஒரு லேசர் லைட். திரையில் காட்ட ஒன்றுமில்லாத நேரத்திலும் அதைச் சுவரில் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இனிமே நாம எல்லாரும் ஒரே குடும்பம்," என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எதற்கும் கை தட்டலாம்.

"ஆனா கடைக்குள்ள நீங்க ரெண்டு குடும்பம்."

பீரங்கி கையைத் தூக்கினார். "புரியல சார்."

"சிம்பிள். ரெண்டு கம்பெனிப் பேரும் இருக்கும், ரெண்டு கவுன்டரும் இருக்கும். நீங்க அவரைத் திட்டணும், அவர் உங்களைத் திட்டணும். இப்ப எப்படி இருக்கோ அப்படியே. ரெண்டுல ஒண்ண நாமளே பாத்து எடுத்தோம்ங்கிற திருப்தி கஸ்டமருக்கு வேணும்."

"மெஷின் சார்?"

"மெஷின் ஒண்ணுதான்." லேசர் புள்ளி திரையில் இருந்த மெஷினின் வயிற்றில் போய் நின்றது. "அதனால ஒரே ஒரு கண்டிஷன். மோட்டாரைத் திட்டக் கூடாது. டப்பைத் திட்டக் கூடாது. பம்பைத் திட்டக் கூடாது. அதெல்லாம் ரெண்டு பேருக்கும் பொது. பட்டையோட கலரைத் திட்டலாம். விளம்பரத்தைத் திட்டலாம். அதுல வர்ற நடிகையக்கூடத் திட்டலாம், அளவா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே சொல்லியிருந்தார். பிழைப்புக்காகப் பொய் சொல்கிறவனைப் பார்த்திருக்கிறோம். பொய்க்கு எல்லை போட்டு, பயிற்சி கொடுத்து, சாப்பாடும் போட்டு அனுப்புகிற கூட்டத்தைப் பீரங்கி அன்றைக்குத்தான் பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி சொட்டைக்கு வாய்த்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சேர்ந்து சாப்பிட்டார்கள். இருவருக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

புது மெஷின் வந்தது. இரண்டு நல்ல குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டால் பிள்ளைக்கு அப்பாவின் உழைப்பும் அம்மாவின் சாமர்த்தியமும் வரும் என்று எதிர்பார்ப்போம். இந்தப் பிள்ளைக்கு அப்பாவின் முன்கோபமும் அம்மாவின் மூட்டுவலியும் வந்திருந்தன. எது எந்தப் பக்கத்தில் மலிவோ அதை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்கள். கதவு சிவப்பின் பழைய லொடலொடக் கதவு. பம்ப் நீலத்தின் பழைய பம்ப். முன்பக்கச் சின்னக் கதவைக் காணோம். ஹேர்பின்னைத் தூக்கிக் காட்ட இனி யார் இருக்கிறார்கள்? டப் மட்டும் இரண்டு கம்பெனியிடமும் இல்லாத புதுச் சங்கதி. போல்ட்டே கிடையாது. பிளாஸ்டிக்கை இரண்டு பாதியாக வார்த்து, சூடு வைத்து ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். உள்ளே பேரிங் போனால் திறக்க வழியில்லை, டப்பையே தூக்கிப் போட வேண்டியதுதான். ஒட்டினவனுக்குப் போல்ட் செலவு மிச்சம், வாங்கினவன் தலையெழுத்து.

நெற்றிப்பட்டையும் ஒட்டி வரவில்லை. கடைக்கு அடியில் இருந்த குடோனில் மெஷின்கள் மொட்டை நெற்றியோடு நின்றன. நீலப் பட்டை ஒரு பெட்டியில், சிவப்புப் பட்டை ஒரு பெட்டியில். எது விற்றதோ அதை மாட்டி வண்டியில் ஏற்ற வேண்டும்.

பீரங்கி கொஞ்ச நாள் கூசினார். பிறகு கூச்சம் விட்டுப்போயிற்று. மோட்டாரைத் திட்டிய வாயால், "சிவப்பு வீட்டுக்கு ஆகுமாம்மா? பாத்தாலே சூடு," என்று திட்டினார். சொட்டை நீலத்தைப் பார்த்தால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது என்றான். சனங்கள் சிரித்தார்கள், யோசித்தார்கள், வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள், கடைசியில் ஏதோ ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு வெற்றிக் களிப்போடு போனார்கள். போகப்போகப் பீரங்கியும் சொட்டையும் ஒரே கடையில் டீ குடித்தார்கள். "இந்த மாச டார்கெட்டுக்கு உனக்கு எத்தனை குறையுது?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். குறைகிறவனுக்கு மற்றவன் விட்டுக்கொடுத்துத் தோற்றான். உண்மையாகச் சண்டை போட்ட காலத்தில் கடுகளவாவது மரியாதை இருந்த இரண்டு மனிதர்கள், சமாதானம் ஆனபோது இரண்டு கூத்தாடிகள் ஆனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் பழைய மெஷினில் பெல்ட் கிறீச்சிட்டது. அவள் கடைக்கு வந்து தம்பியிடம் ஒரு பெல்ட் கேட்டாள். கேட்டது பெல்ட் மட்டும்.

"பழைய மாடலுக்கு பெல்ட் வர்றதில்லக்கா. நிறுத்திட்டாங்க," என்றார் பீரங்கி. அது உண்மை. பின்தெருவில் உதிரிச் சாமான் விற்கிற கடையில் தேடினால் அளவுக்குப் பொருந்துகிற பெல்ட் ஒன்று அகப்படும் என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் சொன்னார். மாசக் கடைசி. அவருக்கு ஒரு மெஷின் குறைந்தது. பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் திட்டம் ஒன்று அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

"புதுசு நல்லா இருக்குமாடா?" என்று அக்கா கேட்டாள்.

"நம்ம கம்பெனிக்கா," என்றார் பீரங்கி.

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ள வசதியான பதில். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. புது மெஷினைக் கொண்டுவந்த வண்டியிலேயே பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது எடைக்குப் போயிற்று. எடைக்கு எடுத்தவன் அதை உடைக்காமல் பெல்ட் மாட்டி விற்றிருப்பான் என்றுதான் பீரங்கிக்குத் தோன்றியது. தோன்றியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

புது மெஷின் வருஷம் திரும்புவதற்குள் இரைய ஆரம்பித்தது. அடுத்து நடுங்கியது. ஒருநாள் தரையெல்லாம் தண்ணீரை விட்டுவிட்டு நின்றுபோயிற்று. முன்பெல்லாம் ஒரு போன் போட்டால் மெக்கானிக்கே எடுப்பார். இப்போது ஒரு பெண் குரல் ஒன்றை அழுத்தச் சொன்னது, இரண்டை அழுத்தச் சொன்னது, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று தேனொழுகச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. அக்கா ஈரக் கையோடு அந்தப் பாட்டைப் பல நாள் கேட்டாள். ஒருவழியாக ஒரு மெக்கானிக் வந்தார். பையைத் திறக்கவில்லை. போனில் நாலு படம் எடுத்துக்கொண்டார்.

"டப் போச்சும்மா. மொத்தமா மாத்தணும். ஸ்டாக் இல்ல. தினமுமா ஓட்டறீங்க?"

"துணி தினமும்தானே அழுக்காகுது?"

"இது வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தாம்மா. அப்ப வாரன்டி வராது."

துணி துவைக்கிற மெஷினில் துணி துவைத்தாளாம், அதுதான் குற்றம்.

அக்கா கையால் துவைக்க உட்கார்ந்தாள். சாயம் போக வெளுப்பான் போட வேண்டும். வெளுப்பானில் ஊறி விரல்கள் வெடித்தன. துண்டுகள் நேரத்துக்குப் போகவில்லை. நேரத்துக்குப் போனவை காயவில்லை. ஒரு அழகு நிலையம் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி மூட்டையை நிறுத்திக்கொண்டது. இன்னொன்று சொல்லாமலேயே நிறுத்திக்கொண்டது. மிச்சம் இருந்தது பெரிய நிலையம் ஒன்று. அதுவும் போய்விட்டால் அடுப்பு எரியாது. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு அந்த விரல்களால்தான் பரிமாறினாள். "கம்பெனில பேசறேன்கா," என்றார் பீரங்கி தட்டைப் பார்த்துக்கொண்டே. லேசர் லைட் அதிகாரியின் எண்ணுக்குப் போட்டுப் பார்த்தார். அவர் இதைவிடப் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டாராம்.

ஒரு காலையில் அக்கா கடைக்கே வந்தாள். மாடியேறி வந்தவள் தம்பியின் கவுன்டரைத் தாண்டி நேராக வலதுபக்கச் சுவருக்குப் போனாள். ஒரு சிவப்பு மெஷின்மேல் கையை வைத்தாள்.

"இதைப் பத்திச் சொல்லுங்க தம்பி."

சொட்டைக்கு அவள் யார் என்று தெரியும். கட்டியிருந்த கையை அவிழ்த்தான். அதற்குள் பீரங்கி ஓடிவந்துவிட்டார்.

"அக்கா, அது வேணாம்."

"நீ பேசாதே. உன் கம்பெனியத்தான் பாத்தாச்சே."

"இதுவும் அதுதான்கா. அதே மெஷின். ரெண்டுக்கும் துளி வித்தியாசம் கிடையாது."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை வருஷமா இது வாளி, இது துரு, இது குப்பைன்னு மாடி அதிரக் கத்தினே. இப்ப உன்னுது குப்பையாப் போனதும் ரெண்டும் ஒண்ணாயிடுச்சா?"

"சத்தியமாச் சொல்றேன்கா. டப், மோட்டார், பம்ப் எல்லாம் ஒண்ணு. பட்டை மட்டும்தான் வேற!"

பழக்கதோஷம், குரல் தானாக முழங்கியது. மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்த ஆள் எப்பவுமே அப்படித்தாங்க. போன தடவையும் சிவப்ப வாங்க விடாம இப்படித்தான் கத்தினார்," என்று ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார். மனைவி சிரித்தாள். மாடி மேனேஜர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வழக்கமான கூத்துதான் என்று போனுக்குத் திரும்பிவிட்டார். வெளியே சொன்னால் வேலை போகும் என்று பயந்து பயந்து இத்தனை நாள் வயிற்றுக்குள் வைத்திருந்த விஷயம். கொட்டிவிட்டார். ஒரு ஈ காக்காய்கூட நம்பவில்லை. வாய்ச் சவடாலுக்கே வாழ்க்கையை எழுதிக்கொடுத்தவனுக்கு உண்மை சொல்ல வேறு வாய் கிடைக்குமா?

பீரங்கி அக்காவின் கையைப் பிடித்தார். வெடித்த விரல்கள் என்று உறைத்ததும் கையை விட்டுவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு நிமிஷம் வாக்கா. கண்ணால பாத்துட்டு அப்பறம் என்ன வேணா செய்."

குடோனில் விளக்கைப் போட்டார். மொட்டை நெற்றியோடு மெஷின்கள் வரிசையாக நின்றன. பெட்டியிலிருந்து ஒரு நீலப் பட்டையை எடுத்து முதல் மெஷினில் மாட்டிக் காட்டினார். கழற்றினார். அதே இடத்தில் சிவப்புப் பட்டையை மாட்டிக் காட்டினார். கழற்றினார். வார்த்தையே தேவைப்படவில்லை. அக்கா அந்த வெற்று நெற்றியை விரலால் தடவிப் பார்த்தாள். அடுத்த மெஷினைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள்.

நம்பிவிட்டாள். பீரங்கிக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. அக்காவைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டார், பைத்தியக்காரர்.

"இது எப்பலேருந்து இப்படி?" என்று அக்கா கேட்டாள்.

"ரெண்டு கம்பெனியும் சேந்ததுலேருந்து."

"நான் பெல்ட் கேட்டு வந்தேனே, அப்பவுமா?"

பீரங்கி சிவப்புப் பட்டையைப் பெட்டியில் போட்டார். மறுபடி எடுத்தார்.

"என் பழைய மெஷினைத் தூக்கிட்டுப் போனாங்களே. அப்ப உனக்குத் தெரியும்."

அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. மாசக் கடைசி என்பதைப் பீரங்கியால் சொல்ல முடியுமா? ஒரு மெஷின் குறைந்தது என்பதைச் சொல்ல முடியுமா? நம்ம கம்பெனி என்றுதானே சொன்னேன், நல்ல கம்பெனி என்று சொல்லவில்லையே என்று வாதாட முடியுமா? கம்பெனிக்காரர்கள் யாரோ முகம் தெரியாதவர்களை ஏமாற்றினார்கள். இவர் தனக்குச் சோறு போட்ட கையை ஏமாற்றினார். அவர்களுக்காவது கிடைத்தது கோடிக்கணக்கில். இவருக்குக் கிடைத்தது ஒரு மெஷினின் கமிஷனும், அந்த மாசம் மேனேஜர் முகம் சுளிக்கவில்லை என்பதும் மட்டும்.

சொட்டை படியிறங்கி வந்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இந்த அளவுல வேற எது இருக்கு?" என்று அக்கா பொதுவாகக் கேட்டாள்.

"வேற இல்லக்கா," என்றார் பீரங்கி. "மூணாவதா ஒண்ணு இருந்துச்சு. அதையும் இவங்களே வாங்கிட்டாங்க."

"நாளைக்குத் துண்டு வருது." அவள் சொட்டையிடம் திரும்பினாள். "தம்பி, பில்லைப் போடுங்க. சிவப்பு. உங்க பேர்லயே போடுங்க."

"அக்கா, எப்படியும் வாங்கத்தான் போறதுன்னா என் பேர்ல போடச் சொல்லு," பீரங்கி அவசரமாகக் குறுக்கிட்டார். "எனக்கு வர்ற கமிஷனைக் கழிச்சுத் தர்றேன். எதுக்கு வெளியாளுக்கு?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

"வெளியாள்தான்டா வேணும். இவர் ஏமாத்தினா, கடைக்காரர் ஏமாத்திட்டார்னு நாலு பேர்கிட்டச் சொல்லி ஆத்திக்குவேன். நீ ஏமாத்தினத நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

முந்தானையில் விரல்களைச் சுற்றிக்கொண்டு அவள் படியேறிப் போனாள். சொட்டை வாசலிலிருந்து உள்ளே வந்தான். பிறகு, "அண்ணே, அந்த முதல் மெஷினையே அனுப்பிடலாம். சிவப்ப மாட்டிடுங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு பில் போடப் போனான்.

பட்டை பீரங்கியின் கையில்தான் இருந்தது. மாட்டினார். ஒரே அழுத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த ஒரு வேலையை மட்டும் கம்பெனி ஒழுங்காகச் செய்திருந்தது.